விலகிய காரணம்: திருமணம்

'சிறுவாடு' என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. பால் விற்ற காசிலும் முட்டை விற்ற காசிலும் கடைக்குப் போய்வந்த மிச்சத்திலும், வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல் பெண் ஒதுக்கி வைக்கும் பணம். அரிசிப் பானை, அஞ்சறைப் பெட்டி, சேலை மடிப்பு என்று அதற்கு இடங்கள் உண்டு. கணக்குப் புத்தகம்தான் கிடையாது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது எங்கள் தெருவில் பல வீடுகளில் அந்தப் பணம் வெளியே வந்தது. கணவர்களும் மகன்களும் வங்கி வரிசையில் நின்றார்கள். பழைய நோட்டு புது நோட்டாக மாறியது. அஞ்சறைப் பெட்டிக்கு மட்டும் அது திரும்பி வரவில்லை. "இவ்வளவு வெச்சிருந்தியா?" என்ற கேள்விக்குப் பிறகு அது குடும்பப் பணமாகிவிட்டது.

மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணிடம் சாட்சியுள்ள ஒரு சிறுவாடு இருக்கிறது. சம்பளச் சீட்டின் ஓரத்தில் பி.எஃப். என்று நிற்கும் பிடித்தம்தான் அது. அரசுத் தமிழில் வருங்கால வைப்பு நிதி. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் நம்மிடம் பிடிக்கிறார்கள். நிறுவனம் தன் பங்காக இன்னொரு 12 சதவீதம் போடுகிறது. அதில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது, மீதி நம் வைப்பு நிதியில் சேர்கிறது. ஓய்வூதியப் பங்கைக் கணக்கிட 2014 செப்டம்பர் முதல் மாதம் ₹15,000 வரை உள்ள சம்பளத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். சிறிய தொகைதான். ஆனால் அவள் பெயரில் இருக்கிறது. கணவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுச் சிக்கிக்கொண்டாலும் அந்தக் கணக்கை நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு அந்தக் காவலைத் தருகிறது.

நீதிமன்றம் தொட முடியாத அந்தப் பணத்தைக் கல்யாணம் எவ்வளவு எளிதாகத் தொட்டுவிடுகிறது என்பதை நான் பதினேழு ஆண்டுகளாகக் கல்லூரி அலுவலக வாசலில் நின்று பார்த்துவருகிறேன். சுயநிதிக் கல்லூரிகளில் வேலை செய்யும் பெண்கள் இருபத்தாறு, இருபத்தேழு வயதில் அழைப்பிதழும் ராஜினாமாக் கடிதமுமாக வருவார்கள். அலுவலகத்தில் இருப்பவர் அழைப்பிதழைப் பார்த்ததுமே படிவம் 19ஐயும் 10சியையும் எடுத்து வைப்பார். "கல்யாணத்துக்குத்தானேம்மா? சீக்கிரம் வந்துடும்." 2008இல் எனக்கும் அப்படித்தான் எடுத்து வைத்தார். நான் படிவம் 13 கேட்டேன். பழைய கணக்கைப் புது வேலையின் கணக்குக்கு மாற்றும் படிவம் அது. எங்கள் துறையில் ஓய்வுபெறும் நிலையில் இருந்த ஒரு பேராசிரியை முந்தின வாரமே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர் சொல்லியிருக்காவிட்டால் அப்படி ஒரு படிவம் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

'சீக்கிரம் வந்துடும்' என்பது அந்த அலுவலக ஊழியரின் தாராள மனசு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தைத் தேடி வாசித்தேன். வேலையை விட்டவர் முழுப் பணத்தையும் எடுக்க வேண்டுமானால் இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்கிறது அதன் 69ஆம் பத்தி. அவசரத்தில் சேமிப்பைக் கரைத்துவிடக் கூடாது, இதற்குள் இன்னொரு வேலை கிடைக்கலாம் என்பதற்கான இடைவெளி அது. அதே பத்தியில் ஒரு விலக்கும் இருக்கிறது. திருமணம் செய்துகொள்வதற்காக வேலையை விடும் பெண் உறுப்பினருக்கு இந்த இரண்டு மாதக் காத்திருப்பு கிடையாது.

விலக்கு பெண்ணுக்கு மட்டும்தான். திருமணத்துக்காக வேலையை விடும் ஆண் என்று ஒருவனைச் சட்டம் எழுதியவர்கள் கற்பனை செய்து பார்க்கவே இல்லை. ஆண் தன் கல்யாணத்துக்கு முன்பணம் கேட்கலாம். ஏழு ஆண்டு உறுப்பினராக இருந்திருந்தால் தன் பங்கிலும் அதன் வட்டியிலும் பாதிவரை எடுக்க 68கே பத்தி இடம் தந்தது. அதற்கு வேலையை விட வேண்டியதில்லை. அந்தப் பத்தி பெண்ணுக்கும் பொதுதான். ஆனால் ஏழு ஆண்டு வேலை பார்த்த பிறகு கல்யாணம் செய்துகொள்ள நம் வீடுகளில் எத்தனை பெண்களை விட்டுவைக்கிறார்கள்?

இது வைப்பு நிதித் துறையின் முகம். வருமான வரித் துறைக்கு வேறு முகம். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்க்காமல் பணத்தை எடுத்தால் அதற்கு வரி உண்டு என்றது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் நான்காம் அட்டவணை. நிறுவனம் போட்ட பங்கும் வட்டியும் வருமானமாகிவிடும். நம் பங்குக்கு முன்பு வரிச் சலுகை வாங்கியிருந்தால் அதுவும் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும். தொகை ₹50,000ஐத் தொட்டால் 10 சதவீதத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் இன்னும் கூடும். ஐந்து ஆண்டு ஆகாமலே வரியிலிருந்து தப்பச் சில வழிகளை அந்த அட்டவணையே சொன்னது. உடல்நலம் கெட்டு வேலை போயிருக்க வேண்டும். அல்லது நிறுவனம் தொழிலைச் சுருக்கியிருக்க வேண்டும், மூடியிருக்க வேண்டும். அல்லது வேலை செய்பவரின் கைமீறிய வேறு காரணம் இருக்க வேண்டும்.

பட்டியலில் திருமணம் இல்லை. அதாவது, கல்யாணத்துக்காக வேலையை விடுகிறாயா, காத்திருக்காமல் பணத்தை வாங்கிக்கொள் என்று ஒரு ஜன்னலில் சொல்கிறார்கள். ஐந்து ஆண்டு முடியவில்லையே, வரி கட்டு என்று அடுத்த ஜன்னலில் சொல்கிறார்கள்.

இறுதியாண்டு மாணவிகளுக்குக் கடைசி வகுப்பில் பாடம் நடத்துவதில்லை, இதைத்தான் சொல்வேன். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மேடம், கல்யாணமும் கைமீறிய காரணம்தானே? அப்படியே எழுதிக் குடுத்துட்டா வரி வராதுல்ல?" வகுப்பு முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது சிலர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். அந்த மே மாதமே கல்யாணம் நிச்சயமாகியிருந்த இரண்டு பேர் அந்த வகுப்பில் இருந்தார்கள்.

என் அக்கா வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் 1996 முதல் 2000 வரை நான்கு ஆண்டு வேலை பார்த்தாள். பதினேழு வயதில் போனவள். அவள் சம்பளத்தில்தான் நான் கல்லூரியில் சேர்ந்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாணம் முடிவானதும் அப்பா மில்லுக்குப் போய்ப் படிவங்களை வாங்கிவந்தார். அக்கா கையெழுத்துப் போட்டாள். 'விலகிய காரணம்' என்ற கட்டத்தில் அப்பாவின் கையெழுத்தில் 'திருமணம்' என்று இருந்தது. வைப்பு நிதியும் ஓய்வூதியக் கணக்குமாக ₹14,000 சொச்சம் வந்தது. அது நான்கு பவுன் சங்கிலியாகி அவள் கழுத்தில் ஏறியது. மூன்றாம் வருடம் மாமா மோட்டார் வாங்க அடகுக் கடைக்குப் போனது, மீட்கவில்லை, மூழ்கிப்போனது. நான்கு ஆண்டு இரவுப் பணியின் கணக்கு அத்தோடு முடிந்தது.

கொங்கு, திண்டுக்கல் வட்டாரங்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரை அறியாதவர்கள் குறைவு. ஆலை விடுதியில் மூன்று ஆண்டு தங்கி வேலை செய்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி இளம்பெண்களைச் சேர்த்த முறை அது. கொத்தடிமைத்தனம் என்று அதைக் கண்டித்து எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. அதன் பெயரையும் கொஞ்சம் பாருங்கள். உழைத்தவளின் கூலிக்குச் சுமங்கலி என்று பெயர். அந்தப் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் எது என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்துவிட்ட பெயர். அக்கா வேலை பார்த்தது அந்தத் திட்டத்தில் அல்ல. ஆனால் அந்தப் பெயர் எங்கள் வீட்டிலும் இருந்தது.

சென்ற ஆண்டு, 2025 ஆடியில், அக்கா மகள் எனக்குப் போன் செய்தாள். 2021 ஜூனில் சென்னையில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தவள். ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூர்.

"சித்தி, பி.எஃப்.ல ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம் இருக்கு. எடுக்கச் சொல்றாங்க. வரி பிடிக்காம எடுக்க வழி இருக்கா?"

இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஐந்து ஆண்டு நிறைய இன்னும் பத்து மாதம்தான். அதுவரை பொறுத்தால் வரி என்ற பேச்சே இல்லை. பொறுப்பது என்றால் அதே நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. கோயம்புத்தூரில் வேறு வேலையில் சேர்ந்து பழைய கணக்கை அங்கே மாற்றிக்கொண்டால், சென்னையில் பார்த்த நான்கு ஆண்டும் சேர்த்தே எண்ணப்படும். இப்போதே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அந்த ஆண்டின் மொத்த வருமானத்துக்கு வரி வராத நிலையில் 15ஜி படிவத்தைப் பான் எண்ணோடு கொடுத்தால் 10 சதவீதம் பிடிக்க மாட்டார்கள். பிடித்துவிட்டாலும் பயமில்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரிக்கு மேல் பிடித்தது திரும்பி வரும். முன்கூட்டிப் பிடிப்பது வேறு, வரி வேறு.

"அப்ப வரியே இல்லாம எடுத்துடலாம்ல சித்தி?"

"எடுத்துடலாம் பாப்பா. வரி பெரிய விஷயமே இல்ல."

அவள் சம்பளத்துக்கு அன்றைய விதிப்படி வரி வர வாய்ப்பும் இல்லை. அதனால் வரியைக் காட்டி அவளைத் தடுக்க எனக்கு மனமில்லை. வரித் துறை கேட்காத ஒரு தண்டத்தைப் பற்றித்தான் நாங்கள் அடுத்த ஒரு மணி நேரம் பேசினோம்.

அவளையே கணக்குப் போடச் சொன்னேன். அவளுக்கு இருபத்து நான்கு வயது. ஓய்வு வயது 58. நடுவில் 34 ஆண்டு. 2023-24க்கும் 2024-25க்கும் வைப்பு நிதி வட்டி 8.25 சதவீதம். குறைத்து 8 என்றே வைத்துக்கொண்டாலும், இனி ஒரு ரூபாய்கூடச் சேர்க்காமல் அந்த ₹1,37,000 மட்டும் 34 ஆண்டில் சுமார் ₹18,75,000 ஆகும். விலைவாசி ஏறும், அன்றைய பதினெட்டு லட்சம் இன்றைய பதினெட்டு லட்சமாக இருக்காது. ஆனால் மண்டப வாடகையில் போன பணம் எந்த விலைவாசியிலும் ஒன்றுமே ஆகாது.

அடுத்து ஓய்வூதியம். மாதாமாதம் நிறுவனம் போட்ட ₹1,250 தனியாக அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. மொத்தம் பத்து ஆண்டு பணி இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் வரும். பத்து ஆண்டு ஆகும் முன் 10சி போட்டுப் பணமாக வாங்கிவிட்டால் அதுவரை பார்த்த பணிக்காலம் கணக்கிலிருந்து போய்விடும். அடுத்த வேலையில் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். கல்யாணம், பிள்ளைப்பேறு, மாமியார் படுக்கை, பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு என்று நான்கு நான்கு ஆண்டாக உடைந்து கிடக்கும் வேலை வாழ்க்கை யாருடையது? அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். கேட்டால் உடைந்த துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். பணம் வேண்டுமா, சான்றிதழ் வேண்டுமா என்று பெண்களிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் மாமா பேசினார். கோபமில்லை, வருத்தம். "அவ பணம்தானேம்மா, அவ கல்யாணத்துக்குத்தானே எடுக்கச் சொல்றேன்? நானா சாப்பிடப் போறேன்?" அவர் சொன்னதில் பொய் இல்லை. மகள் பணத்தில் ஒரு டீகூடக் குடிக்காதவர். நான் ஒன்றைத்தான் கேட்டேன். "மாப்பிள்ளையும் கம்பெனியிலதான வேலை பாக்கறாரு மாமா. அவருக்கும் பி.எஃப். இருக்கும்ல? அதை எடுக்கறதா பேச்சு வந்துச்சா?" மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "அதெப்படிம்மா கேக்க முடியும்?" என்றார்.

அவர் கல்யாணம், அவர் பணம் என்ற வாக்கியம் ஆணைப் பற்றி வரும்போது யாருக்கும் தோன்றுவதே இல்லை. ஆணின் வைப்பு நிதி அவனுடைய வருங்காலத்துக்கு. பெண்ணின் வைப்பு நிதி அவளுடைய கல்யாணத்துக்கு. கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு வருங்காலம் என்று தனியாக ஒன்று தேவைப்படும் என்பதை வீடும் நம்புவதில்லை, நாம் பார்த்த 69ஆம் பத்தியும் நம்பவில்லை. 2018 பட்ஜெட் உரையில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களின் பி.எஃப். பங்கை முதல் மூன்று ஆண்டுக்கு 8 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார். கையில் வரும் சம்பளம் கூடும் என்பது காரணம். கூடும்தான். அந்தக் கை யாருடைய வீட்டில் இருக்கிறது என்பதும், வயதான பிறகு அதே கைக்கு என்ன வரும் என்பதும் அந்தக் கணக்கில் இல்லை.

அந்த 1952ஆம் ஆண்டுத் திட்டத்தில் பெண்ணுக்கு வலுவான ஒரு வரியும் உண்டு. யாரும் நமக்கு வாசித்துக் காட்டாத வரி. உறுப்பினரின் 'குடும்பம்' யார் என்று சொல்லும் இடத்தில், கணவரைத் தன் குடும்பத்திலிருந்து விலக்க விரும்பும் பெண் ஆணையருக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும் என்கிறது. அதன் பிறகு அவள் பணத்தில் அவருக்கோ, அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கோ குடும்பம் என்ற உரிமை இல்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை; விவாகரத்துத் தீர்ப்பு கேட்கவில்லை. ஆண் உறுப்பினர் மனைவியை இப்படி ஒரு கடிதத்தால் விலக்கிவிட முடியாது. அவளுக்கு ஜீவனாம்ச உரிமை போய்விட்டது என்று அவர் நிரூபிக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் தனியே வாழும் ஒரு தோழியிடம் இதைச் சொன்னபோது, "இத்தனை வருஷமா நாமினி கட்டத்துல அவர் பேரு இருக்கேன்னு தினமும் நெனச்சுட்டுத் தூங்கியிருக்கேன்" என்றார். அடுத்த வாரம் கடிதம் கொடுத்தார்.

அக்கா மகள் பணத்தை எடுக்கவில்லை. இதைச் சுலபமான வெற்றியாகச் சொல்ல மாட்டேன். மாமா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினார். மண்டபம் சிறியதானது, இரண்டு வேளைச் சாப்பாடு ஒரு வேளையானது. "பொண்ணு காசைப் பொத்திவெச்சுக்கிச்சு" என்று ஒரு பெரியம்மா பந்தியிலேயே சொன்னார். அவள் காதில் அது விழுந்தது. கோயம்புத்தூரில் கார்த்திகை மாதம் வேலையில் சேர்ந்தாள், பழைய கணக்கை மாற்றிக்கொண்டாள். அப்பாவின் கடன் தவணையில் பாதியை மாதாமாதம் தன் சம்பளத்திலிருந்து அனுப்புகிறாள். எடுத்துக் கொடுத்திருந்தால் இந்தத் தவணை இல்லையே என்று கேட்பவர்களும் உண்டு. தவணை ஒருநாள் முடியும் என்பதுதான் அவள் பதில்.

இதற்கிடையில் விதிகளும் நகர்கின்றன. 2025 அக்டோபர் 13 அன்று வைப்பு நிதி நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு கூடி, பகுதியாகப் பணம் எடுக்கும் பதின்மூன்று வகை விதிகளை மூன்றாகச் சுருக்க முடிவெடுத்தது. முன்கூட்டியே கணக்கை முழுதாக முடிப்பதற்கான காத்திருப்பை இரண்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக்கவும், 25 சதவீதம் கணக்கிலேயே இருக்கச் செய்யவும் முடிவு. ஆகவே பணம் எடுக்க நினைக்கும் பெண் அன்றைய விதியை அன்று பார்க்க வேண்டும். பக்கத்து இருக்கைத் தோழி போன வருடம் எடுத்த விதம் இந்த வருடம் பொருந்தாமல் போகலாம். யு.ஏ.என். எண்ணும் கடவுச்சொல்லும் அவளிடமே இருக்க வேண்டும். பிடித்த பணத்தை நிறுவனம் உண்மையிலேயே கட்டியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கைத் திறந்து பார்க்க வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாத இடத்தில் நானே ஓராண்டு வேலை பார்த்திருக்கிறேன். ஐந்து பெண்கள் சேர்ந்து எழுதிக் கேட்ட பிறகுதான் பாக்கி கணக்கில் ஏறியது.

பணமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அறுவை சிகிச்சைக்கு எடுக்கலாம், தன் பெயரில் வீடு வாங்க எடுக்கலாம், அடிக்கிற வீட்டைவிட்டு வெளியேறத் தேவைப்பட்டால் வரி கட்டியாவது எடுக்கலாம். ஆனால் எதற்காக எடுக்கிறோம் என்ற கட்டத்தை நம் கையெழுத்தில் நாமே நிரப்ப வேண்டும்.

கல்யாணம் முடிந்து விருந்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நீ பாப்பாகிட்ட பத்து வருஷம்னு என்னமோ சொன்னியே. நான் 2010லேர்ந்து பதினெட்டு வரைக்கும் திரும்ப மில்லுக்குப் போனேன்ல. எட்டு வருஷம். அதுல பி.எஃப். பணத்தை உங்க மாமா ஆப்ரேஷனுக்கு எடுத்தோம். பென்ஷன் பணத்துக்கு ஒண்ணும் எழுதிக் குடுக்கல. அது இருக்குமா?"

இருந்தது. பார்த்துச் சொன்னேன். கல்யாணத்தோடு போன நான்கு ஆண்டும் இருந்திருந்தால் பன்னிரண்டு ஆகியிருக்கும், அவளுக்கு ஓய்வூதியம் ஏற்கெனவே உறுதியாகியிருக்கும். அதை நான் சொல்லவில்லை. அவளே விரல்விட்டு எண்ணிக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு வருஷம் போனா எனக்கும் வருமா?"

"வரும்க்கா. அம்பத்தெட்டு வயசுல. குறைஞ்சது மாசம் ஆயிரம்."

ஆயிரம் ரூபாய்தானே என்று யாரும் சிரிக்கலாம். 2014இல் வைத்த அந்தக் குறைந்தபட்சம் மிகவும் குறைவு என்று ஓய்வூதியர்கள் போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஊருக்கு வெளியே புதிதாக வந்திருக்கும் தையல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், வேன் வீட்டு வாசலுக்கே வருகிறதாம். பழைய யு.ஏ.என். எண்ணை ஒரு துண்டுத் தாளில் பெரிதாக எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். பத்திரமாக வைத்துக்கொள்ள அவளுக்கு ஓர் இடம் உண்டு. அதை அஞ்சறைப் பெட்டியில்தான் வைத்தாள். தை மாதத்திலிருந்து வேலைக்குப் போகிறாள்.